மூலிகைகளின் இரசாயனத்தை ஆராய்ந்த அசீமா சட்டர்ஜி

இரசாயனவியலாளர் அசீமா சட்டர்ஜி 1917 செப்ரெம்பர் 23ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் இந்திரநாராயண் முகர்ஜி வைத்தியர். தாவரங்களில் மிகுந்த ஈடுபாடுடையவர். மகளுக்கும் அந்த ஈடுபாடு சிறுவயதிலேயே தொற்றிக்கொண்டது. 1849இல் தொடங்கப்பட்ட பெதூன் பெண்கள் பாடசாலையில் கற்று, பின் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரியில் இரசாயனத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். கூடவே பல ஆண்டுகள் முறையாகச் சங்கீதமும் பயின்றார். (உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளின் சங்கீத வகுப்பை முதல் வேலையாக நிறுத்திவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க.)

1944இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகமொன்றில் அப்பட்டத்தைப் பெற்ற முதற்பெண் அவரே. அதற்கு முன்பே, 1940இல், லேடி பிரேபோர்ண் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து இரசாயனத் துறையைத் தொடக்கிவைத்திருந்தார். 1945இல் பரதானந்த சட்டர்ஜியை மணந்தார். அவரும் இரசாயனவியலாளரே.

1947இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்பட்டபோது, கைக்குழந்தையான மகளையும் குழந்தையைப் பராமரிக்க ஒரு பெண்ணையும் உடன் அழைத்துச் சென்றார். குழந்தையைப் பெற்றதும் மேற்படிப்பு எண்ணத்தைக் கட்டிவைத்துவிட்ட தோழிகள் எங்கள் வகுப்புகளிலும் உண்டு. ஆகவே இந்தப் பயணத்தை ஒரு வரியில் கடந்துபோக எம்மால் முடியவில்லை. விஸ்கொன்சினிலும் கலிபோர்னியாவிலும் பணியாற்றிய பின் சூரிச் சென்று, நோபல் பரிசு பெற்ற போல் காரரின் ஆய்வுகூடத்தில் அல்கலொயிட்டுகளை ஆராய்ந்தார். வில்வமரப் பட்டையில் அவர் செய்த ஆய்வு 1949இல் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. நாம் கோயிலில் அர்ச்சிக்கும் அதே வில்வந்தான்.

1950இல் நாடு திரும்பியவர், 1954இல் கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட வேலை பொறுமையைச் சோதிப்பது. கிலோக்கணக்கில் பட்டையையும் வேரையும் உலர்த்தி, இடித்து, கரைப்பானில் ஊறவைத்து, அமிலமும் காரமும் மாறிமாறிச் சேர்த்துப் பிரித்தால், கடைசியில் ஒரு சிட்டிகை பளிங்கு கிடைத்தாலே பெரிது. அதன் மூலக்கூற்றமைப்பை உடனே காட்டித்தரும் கருவிகள் அன்று இல்லை. மூலக்கூற்றைத் துண்டுதுண்டாக உடைத்து, துண்டுகளைக் கொண்டு முழுமையை ஊகிக்க வேண்டும். சில பகுப்பாய்வுகளுக்கு மாதிரிகளைக் காசு கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பணமும் போதாது, உபகரணமும் போதாது. அந்த நிலையிலும் சர்ப்பகந்தி முதலிய தாவரங்களின் அல்கலொயிட்டுகளை அவரும் அவரது மாணவர்களும் ஒவ்வொன்றாக அறிந்தெழுதினர்.

1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பெற்ற முதற்பெண் ஆனார். 1962இல் கைரா பேராசிரியர் பதவி கிடைத்தது. 1967இல் கணவரும் தந்தையும் சில மாத இடைவெளியில் காலமாயினர். அவருடைய உடல்நலமும் கெட்டது. ஆயினும் சிறிது காலத்தில் மீண்டும் ஆய்வுகூடத்துக்குத் திரும்பினார். 1975இல் பத்மபூஷண் விருது பெற்றார்; இந்திய விஞ்ஞான மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய முதற்பெண்ணும் ஆனார். 1982 முதல் 1990 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நாம் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்ரீன், வின்பிளாஸ்ரீன் மருந்துகளை அசீமா அம்மையாரே கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகின்றனர். எங்கள் வீட்டு முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள். அவர் அந்த அல்கலொயிட்டுக் குடும்பத்தின் இரசாயனத்தை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். இரவல் புகழ் அவருக்குத் தேவையில்லை. ஈரநிலத்தில் நாலிலையாய்ப் படரும் ஆரைக்கீரையிலிருந்தும் சடாமாஞ்சிலிலிருந்தும் வலிப்பு நோய்க்கு ஆயுஷ்-56 என்ற மருந்தை உருவாக்கினார். ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி, கழற்சி முதலியவற்றிலிருந்து மலேரியாவுக்கும் ஒரு மருந்து தயாரித்தார். இரண்டும் நோயாளரில் பரிசோதிக்கப்பட்டவை. இதைப் படித்துவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையை நிறுத்திக் கீரையைத் தேட வேண்டாம். இன்று நாம் எழுதிக்கொடுக்கும் மருந்துகள் வேறு. கைமருந்தை அப்படியே நம்பிவிடாமலும், ஏளனமாக ஒதுக்காமலும், அதற்குள் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்தவர் என்பதாலேயே அவரை நாம் மதிக்கிறோம்.

இந்திய மூலிகைகள் பற்றிய ஆறு தொகுதிகளைச் சத்தியேஷ் சந்திர பக்ராஷியுடன் சேர்ந்து தொகுத்தார். பேராசிரியர் சத்தியேந்திரநாத் போஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் தாய்மொழியான வங்காளத்தில் இரசாயன நூலொன்றும் எழுதினார்.

2006 நவம்பர் 22ஆம் திகதி, 89ஆவது வயதில் காலமானார். கைக்குழந்தையாகக் கடல் கடந்த மகளும் பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சேதன இரசாயனப் பேராசிரியரானார்.