மாணிக்கக் குழியில் கிடைத்த சிங்கப் பல்



கலவானைப் பக்கத்தில் மாணிக்கக் குழி தோண்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மேல் மண்ணையும் களியையும் அகற்றி, இல்லம எனப்படும் சரளையை வெளியே எடுத்து, கூடையில் இட்டு நீரில் அரிப்பார்கள். நீலக்கல் அகப்பட்டால் மகிழ்ச்சி. கறுத்துப்போன எலும்புத் துண்டு வந்தால் எட்ட எறிந்துவிடுவார்கள். அந்த எலும்பை மாணிக்கமாகப் போற்றிய ஒருவரை இன்று அறிந்துகொள்வோம்.

அவரே போல் எட்வேட் பீரிஸ் தெரணியகல. வரலாற்றாசிரியர் சேர் போல் பீரிஸின் புதல்வராக 1900 ஆம் ஆண்டு பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் ஹாவார்டிலும் கற்றுத் தாயகம் திரும்பினார். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார். இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய அவரது நூல் 1939 இல் வெளிவந்தது.

இங்கிலாந்தின் கடலோரப் பாறைகளில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீந்திய இராட்சதக் கடல் ஊர்வனவற்றின் முழு எலும்புக்கூடுகளே கிடைத்துள்ளன. நம் மலைகளின் கதை வேறு. இங்குள்ள பாறைகள் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. அவற்றில் எலும்பு இராது. பிற்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த சரளையிலேதான் எலும்புகள் உண்டு. அவையும் உடைந்த துண்டுகளே.

அத்துண்டுகளைக் கொண்டே தெரணியகல இரத்தினபுரியின் பழங்கால விலங்குகளை இனங்கண்டார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியன இங்கே வாழ்ந்தன என்று காட்டினார். குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களே சிங்கத்துக்குச் சாட்சி! இன்று இம்மூன்றும் நம் காடுகளில் இல்லை. நீர்யானைக்குச் சதுப்பும் ஆழமான நீரும் வேண்டும். சிங்கத்துக்குத் திறந்த புல்வெளி வேண்டும். ஆகவே, சிங்கராஜ வனம் சூழ்ந்த இந்நாட்டுப்புறம் ஒருகாலத்தில் வேறு கோலத்தில் இருந்தது என்பதை அவ்வெலும்புகள் உணர்த்துகின்றன.

1976 இல் அவர் மறைந்தார். ஆனால் அவர் சேர்த்துவைத்தவை மறையவில்லை. 2005 இல் ஆய்வாளர் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, சிங்கத்தோடு வரிப்புலியும் இங்கே வாழ்ந்தது என்று கண்டனர்.

அந்த இரண்டு பற்களை யாரேனும் ஆற்றில் எறிந்திருந்தால், சிங்கத்தின் கதையே நமக்குத் தெரியாமற் போயிருக்கும். ஆகையால் வாசகரே, குழியில் எலும்போ பல்லோ கண்டால் எறிந்துவிடாதீர்கள். எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று குறித்துவைத்து, இரத்தினபுரி நூதனசாலைக்கு அறிவியுங்கள்.