அடைத்த கதவைத் திறந்த பால் மார்ட்டின்

கனடாவின் ஆட்டவா நகரில் 1903-ஆம் ஆண்டு பிறந்த பால் மார்ட்டின், இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டும் தளராது கற்று அமைச்சரானார்.

1950-க்குப் பின் ஐக்கிய நாடுகள் சபையில் புதிய நாடு எதுவும் சேர இயலவில்லை. மேனாடுகள் ஆதரித்த நாடுகளை ருஷ்யா தடுத்தது. ருஷ்யாவின் சார்பு நாடுகளுக்கு மேனாடுகள் வாக்களிக்கவில்லை. தகுதியிருந்தும் இலங்கையும் நேபாளமும் வாயிலிலேயே நின்றன.

வேண்டியவர் வேண்டாதவர் எனப் பாராது 18 நாடுகளையும் ஒருசேர ஏற்குமாறு 1955-இல் மார்ட்டின் வாதாடினார். அமெரிக்காவின் அதிருப்திக்கும் அஞ்சினாரில்லை. பொதுச்சபையில் 52 வாக்குகள் கிடைத்தன. ஆயினும் பாதுகாப்புச் சபையில் தேசீயச் சீனா மங்கோலியாவைத் தடுக்க, ருஷ்யா ஜப்பானைத் தடுத்தது. எஞ்சிய 16 நாடுகளும் டிசம்பர் 14 அன்று உறுப்பினராயின. ஜப்பான் 1956-இலும் மங்கோலியா 1961-இலும் சேர்ந்தன.

மார்ட்டின் 1992-இல் மறைந்தார். அவர் செய்தது வெறும் பேரமே என்பாருமுளர். மாசற்ற பட்டியலுக்குக் காத்திருந்தால் எவருமே நுழைந்திரார் என்பதே நம் கருத்து.