நாடே இல்லாதவர்களுக்கு பாஸ்போர்ட்: யார் இந்த நான்சென்?

போர், பஞ்சம்னா முதலில் தேவை சோறு, மருந்து, கூடாரம். ஆனால் கையில் ஒரு காகிதம் இல்லாவிட்டாலும் வாழ்க்கை நின்றுபோகும். 100 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் புரிந்துகொண்டவர் ஃப்ரிட்ஜோஃப் நான்சென்.

1861-ல் நார்வேயில் பிறந்தவர். 1888-ல் கிரீன்லாந்து பனிப்பரப்பை ஸ்கீயில் கடந்து புகழ்பெற்றார்.

முதல் உலகப்போருக்குப் பிறகு, 1920-ல் போர்க்கைதிகளை ஊர் திருப்பும் பொறுப்பை சர்வதேச சங்கம் கொடுத்தது. 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு திரும்பினர்.

1921-ல் ரஷ்யாவில் கொடும் பஞ்சம். நான்சென் கடன் கேட்டபோது, கம்யூனிஸ்ட் ஆட்சி பலமாகிவிடும் என அரசுகள் கைவிரித்தன. அரசியல் முடியும்வரை பசி காத்திருக்குமா? மக்களிடமே நிதி திரட்டினார். ஆனாலும் பல லட்சம் பேர் இறந்தனர்.

அடுத்த சிக்கல் அகதிகள். ரஷ்யாவை விட்டு வெளியேறியவர்களின் குடியுரிமையை சோவியத் அரசு பறித்தது. பேப்பர் இல்லை, அதனால் எல்லை தாண்ட முடியாது, வேலையும் கிடைக்காது.

அதற்குத் தீர்வாக 1922-ல் வந்ததுதான் ‘நான்சென் பாஸ்போர்ட்’. குடியுரிமை தராது; இவர் யார் என்பதை மட்டும் சொல்லும். 50-க்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றன. எழுத்தாளர் நபகோவும் அதை வைத்திருந்தவர்தான்.

அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு. அந்தப் பணமும் நிவாரணத்துக்கே போனது. 1930-ல் நான்சென் மறைந்தார்.

1951 அகதிகள் ஒப்பந்தத்திலும் பயண ஆவணம் இடம்பெற்றது. ஆனால் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அந்தக் காகிதத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் அரசுகள் கையில்தான்.