கம்ப்யூட்டர் நடத்திய குத்துச்சண்டை

நம் சுவர் இதழில் எப்போதும் தலைவர்கள், விஞ்ஞானிகள் வாழ்க்கையைத்தான் எழுதுவோம். நான் இந்த முறை ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றி எழுதுகிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு குத்துச்சண்டை என்று கேட்காதீங்க. முழுசா படிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க.

அவர் பெயர் ராக்கி மார்சியானோ. 1923 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா இத்தாலியிலிருந்து பிழைக்க வந்து ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். ராக்கிக்கு ஒன்றரை வயதில் நிமோனியா வந்து, உயிர் தப்பியதே பெரிசு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார். பேஸ்பால் விளையாடத்தான் அவருக்கு ஆசை. 1947-ல் ஒரு பெரிய அணியின் தேர்வுக்குப் போனார். பந்தைத் தூரமாக எறிய முடியவில்லை என்று திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் குத்துச்சண்டையில் முழுசா இறங்கினார்.

ஹெவிவெயிட் வீரர்களிலேயே அவர் குள்ளம், கையும் குட்டை. 1951-ல் தான் சின்ன வயசிலிருந்து கும்பிட்ட ஜோ லூயிஸையே வீழ்த்த வேண்டி வந்தது. ஜெயித்துவிட்டு அழுதாராம். 1952 செப்டம்பர் 23-ல் உலகப் பட்டத்துக்காக வால்காட்டோடு மோதினார். முதல் சுற்றிலேயே கீழே விழுந்தார். 12 சுற்று வரை புள்ளியில் பின்னாடிதான் இருந்தார். 13-வது சுற்றில் வலது கையால் ஒரே குத்து. வால்காட் எழுந்திருக்கவே இல்லை! 1956-ல் ஓய்வு பெற்றபோது 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட்.

முகமது அலியும் அப்போது தோற்காதவர். ராணுவத்தில் சேர மறுத்ததால் 1967-ல் அவர் பட்டத்தைப் பறிச்சிட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பார்? 1969-ல் இருவரின் விவரங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். அதோடு மியாமியில் ஒரு மூடிய அரங்கில் இருவரையும் சண்டை போடுவது போல நடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். ராக்கிக்கு வயது 45. உடம்பை இளைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். முடிவு வெளியே தெரியக் கூடாதுன்னு பல முடிவுகளை எடுத்தாங்க. ராக்கி ஜெயிக்கிற மாதிரியும் நடிச்சார், தோற்கிற மாதிரியும் நடிச்சார்.

என்னைக் கேட்டால் அலிதான். அலியின் கைவீச்சு 10 அங்குலம் அதிகம். நம்ம அடி ஸ்கேலை எடுத்து 10 அங்குலம் வைச்சுப் பாருங்க, எவ்வளவு தூரம்னு தெரியும். அவ்வளவு தூரத்தைத் தாண்டிப் போய்த்தான் ராக்கி அடிக்கணும். ஆனா என் அண்ணன் ஒத்துக்கலை. வால்காட் சண்டையில் 12-வது சுற்று முடிஞ்சதும் கணக்குப் போட்டிருந்தா என்ன விடை வந்திருக்கும் என்று கேட்கிறான். அதுக்கு என்னால பதில் சொல்ல முடியலை.

1970 ஜனவரி 20 அன்று தியேட்டர்களில் படத்தைக் காட்டினார்கள். 13-வது சுற்றில் ராக்கி நாக் அவுட் வெற்றி! அதே 13! ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலி ஜெயித்தார். ராக்கி ரெண்டையுமே பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று சின்ன விமானம் விழுந்து இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்த நாள்.

நீங்க யார் பக்கம்? மதிய இடைவேளையில் எங்க வகுப்புக்கு வந்து சொல்லுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி