நாக்கஹாமா மஞ்சிரோ

நாக்கஹாமா மஞ்சிரோ (ஜனவரி 27, 1827 – நவம்பர் 12, 1898) ஜப்பானைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளரும் ஆங்கில ஆசிரியரும் மாலுமியும் ஆவார். ஜான் மஞ்சிரோ என்ற பெயராலும் இவர் அறியப்படுகிறார். மீன்பிடிக்கச் சென்று புயலில் சிக்கிய இவர், அமெரிக்காவில் ஆங்கிலமும் கடற்பயணக் கலையும் கற்றுத் தாயகம் திரும்பினார். ஜப்பானியர் ஆங்கிலத்தில் உரையாடக் கற்பதற்கென எழுதப்பட்ட தொடக்ககால நூல்களுள் ஒன்று இவருடையதாகும்.

இளமையும் கடல் விபத்தும்

மஞ்சிரோ, ஜப்பானின் ஷிக்கோக்கு தீவில் அன்றைய தோசா சிற்றரசுக்கு உட்பட்ட நாக்கனோஹாமா என்னும் மீனவச் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால் பள்ளிக் கல்வி பெறும் வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை.

1841 ஜனவரியில், தமது 14 ஆம் வயதில், வேறு நால்வருடன் மீன்பிடிக்கச் சென்றபோது இவர்களது படகு புயலில் சிக்கியது. ஐவரும் மனிதர் வசிக்காத தொரிஷிமா தீவில் கரையொதுங்கினர். கடற்பறவைகளை உண்டும் மழைநீரைப் பருகியும் சுமார் ஐந்து மாதங்கள் உயிர்வாழ்ந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜான் ஹவ்லண்ட் என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் இவர்களை மீட்டது.

அக்காலத்தில் ஜப்பான் அந்நியக் கப்பல்களுக்குத் தனது துறைமுகங்களை மூடியிருந்தது. நாட்டை விட்டு வெளியேறித் திரும்புவோருக்கு மரண தண்டனை விதிக்கவும் சட்டம் இருந்தது. ஆகவே இவர்களைத் தாயகத்தில் இறக்கிவிட இயலவில்லை. மற்ற நால்வரும் ஹவாயில் தங்கிவிட, மஞ்சிரோ மட்டும் கப்பல் தலைவர் வில்லியம் விட்ஃபீல்டுடன் பயணத்தைத் தொடர்ந்தார்.

அமெரிக்காவில் கல்வி

1843 இல் மஞ்சிரோ மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபேர்ஹேவன் நகரை அடைந்தார். விட்ஃபீல்ட் இவரைத் தம் பிள்ளையைப் போல வளர்த்தார். மஞ்சிரோவைத் தம் குடும்பத்தினருடன் அமரவைக்கத் தேவாலயம் ஒன்று மறுத்தபோது, விட்ஃபீல்ட் அதனை விட்டு விலகி, இவரை ஏற்றுக்கொண்ட வேறொரு சபையில் சேர்ந்தார்.

கப்பலிலேயே ஆங்கிலம் பேசத் தொடங்கியிருந்த மஞ்சிரோ, இங்கு முதன்முறையாகப் பள்ளிக்குச் சென்றார். எழுத்து, கணிதம், நில அளவை, கடற்பயணவியல் ஆகியவற்றைக் கற்றார். தாய்மொழியில் எழுதப் படிக்க அறியும் முன்னரே ஆங்கிலத்தில் எழுதப் படிக்கக் கற்றவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1846 இல் ஃபிராங்க்ளின் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் பணியில் சேர்ந்தார். பயணத்தின் இடையில் கப்பல் தலைவர் மனநலம் குன்றியபோது, மாலுமிகள் மஞ்சிரோவை அதிகாரிகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் உழைத்து, நாடு திரும்பத் தேவையான பணத்தைச் சேர்த்தார்.

தாயகம் திரும்புதல்

மஞ்சிரோ ஹவாயிலிருந்த இரு தோழர்களுடன் புறப்பட்டு, 1851 இன் தொடக்கத்தில் ஒக்கினாவா தீவில் இறங்கினார். ஒக்கினாவா, ககோஷிமா, நாகசாகி ஆகிய இடங்களில் பல மாதங்கள் விசாரிக்கப்பட்டார். தாம் கிறித்தவர் அல்லர் என்று காட்டுவதற்காகக் கிறித்தவச் சின்னத்தின் மீது மிதிக்குமாறும் பணிக்கப்பட்டார். 1852 இல் தோசாவை அடைந்து, ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பின் தாயைச் சந்தித்தார். இதற்குள் இவர் ஜப்பானிய மொழியைப் பெரிதும் மறந்திருந்தார். கவாதா ஷோரியோ என்ற ஓவியர் இவருக்கு ஜப்பானிய எழுத்தைக் கற்பித்ததுடன், இவரது அனுபவங்களைப் படங்களுடன் நூலாகவும் பதிவு செய்தார்.

நம்பப்படாத மொழிபெயர்ப்பாளர்

1853 இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெரி போர்க்கப்பல்களுடன் வந்து, துறைமுகங்களைத் திறக்குமாறு கோரினார். ஜப்பானிய அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் டச்சு மொழியில் பயிற்சி பெற்றவர்கள். எனவே அரசு மஞ்சிரோவைத் தலைநகர் எதோவுக்கு அழைத்தது. இவருக்குச் சாமுராய் தகுதியும், பிறந்த ஊரைத் தழுவி நாக்கஹாமா என்ற குடும்பப் பெயரும் வழங்கப்பட்டன.

ஆயினும் அமெரிக்கர்களால் வளர்க்கப்பட்டவர் அவர்களுக்கே சார்பாக நடப்பார் என்று தொக்குகாவா நரியாக்கி உள்ளிட்ட உயர்நிலையினர் ஐயுற்றனர். இதனால் 1854 ஆம் ஆண்டின் கனகாவா உடன்படிக்கைப் பேச்சுகளில் மஞ்சிரோ நேரடியாகப் பங்கேற்க அனுமதிக்கப்படவில்லை. பேச்சுகள் பெரும்பாலும் டச்சு, சீன மொழிகள் வழியாகவே நடைபெற்றன. இரு தரப்பினரின் மொழியையும் வாழ்க்கையையும் நேரில் அறிந்திருந்த ஒருவர் நாட்டில் இருந்தும், அவர் திரைக்குப் பின்னால் ஆலோசனை கூறுபவராகவே வைக்கப்பட்டார்.

ஆங்கிலக் கற்பித்தல்

மஞ்சிரோ, நதானியேல் பௌடிச் எழுதிய புகழ்பெற்ற கடற்பயணக் கையேட்டை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1859 இல் எய்பெய் தைவா ஷோக்கெய் என்ற உரையாடல் நூலை வெளியிட்டார். ஆங்கில – அமெரிக்க உரையாடலுக்குக் குறுக்குவழி என்பது இத்தலைப்பின் பொருளாகும். இதில் ஆங்கிலத் தொடர்களுடன் அவற்றின் ஒலிப்பு கத்தக்கானா எழுத்துகளிலும், பொருள் ஜப்பானிய மொழியிலும் தரப்பட்டன. மாலுமிகளிடமும் ஊர்மக்களிடமும் காதால் கேட்டுக் கற்றவராதலால், மஞ்சிரோ எழுத்துக்கூட்டலைப் பின்பற்றாமல் தாம் கேட்டவாறே ஒலிப்பை எழுதினார்.

1860 இல் கன்ரின் மாரு என்ற ஜப்பானியக் கப்பல் பசிபிக் பெருங்கடலைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ சென்றபோது, மஞ்சிரோ மொழிபெயர்ப்பாளராகவும் தேர்ந்த மாலுமியாகவும் பணியாற்றினார். உடன் சென்ற சிந்தனையாளர் ஃபுக்குசாவா யுக்கிச்சியும் இவரும் அங்கு வெப்ஸ்டர் ஆங்கில அகராதியை ஆளுக்கொரு படி வாங்கிவந்தனர். 1869 இல் மஞ்சிரோ, தோக்கியோ பல்கலைக்கழகத்தின் முன்னோடி நிறுவனமான கைசெய் பள்ளியில் ஆசிரியராக நியமிக்கப்பட்டார்.

இறுதிக்காலமும் நினைவும்

1870 இல் அரசுக் குழு ஒன்றுடன் ஐரோப்பா செல்லும் வழியில், மஞ்சிரோ ஃபேர்ஹேவன் சென்று விட்ஃபீல்டை மீண்டும் சந்தித்தார். நாடு திரும்பியபின் நோய்வாய்ப்பட்டுப் பொதுவாழ்விலிருந்து விலகினார். 1898 இல் தோக்கியோவில் காலமானார்.

1918 இல் இவரது மகன் நாக்கஹாமா தோயிச்சிரோ, நன்றியின் அடையாளமாக ஃபேர்ஹேவன் நகருக்கு ஒரு சாமுராய் வாளை வழங்கச் செய்தார். மஞ்சிரோ பிறந்த ஊர் அமைந்துள்ள தோசாஷிமிசு நகரமும் ஃபேர்ஹேவனும் 1987 முதல் சகோதர நகரங்களாக உள்ளன.