பெயரை மறைக்காத மனிதர்

மார்ச் 30 உலக இருதுருவக் கோளாறு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நோயால் துன்புற்றிருக்கக்கூடும் எனக் கருதப்படும் ஓவியர் வின்சென்ட் வான் கோவின் பிறந்தநாள் என்பதால் அந்நாளைத் தேர்ந்தெடுத்தனர். அதே மார்ச் 30இல், 1876ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நியூ ஹேவன் நகரில் கிளிஃபோர்ட் விட்டிங்ஹாம் பியர்ஸ் பிறந்தார். மனநோயாளரை உலகம் நோக்கும் முறையை மாற்றியவர்களுள் அவர் முதன்மையானவர். அவரும் அந்நோயால் துன்புற்றவரே.

பியர்ஸின் இளமை அச்சத்தில் கழிந்தது. 1894இல் அவருடைய தமையனார் ஒருவருக்கு வலிப்பு நோய் கண்டது. யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த தம்பியின் உள்ளத்தில், அந்நோய் தன்னையும் பற்றும் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. 1897இல் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எழுத்தராகவும் பணியாற்றினார். அச்சம் மட்டும் அகலவில்லை. தன் மனத்துயரை அவர் எவரிடமும் வெளியிடவுமில்லை. 1900ஆம் ஆண்டு சூன் திங்களில் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். கால் எலும்புகள் முறிந்தபோதிலும் உயிர் பிழைத்தார்.

அடுத்த மூன்றாண்டுகள் தனியார் மனநல இல்லங்கள் இரண்டிலும் அரசு மருத்துவமனை ஒன்றிலும் கழிந்தன. அவற்றுள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பெரும்பாலும் பேசாதிருந்தார். தன்னைச் சூழ்ந்தோர் அனைவரும் துப்பறிவோர் என்றே நம்பினார். தன்னைக் காண வரும் தமையனார் ஜார்ஜ்கூட அவர் உருவில் வந்த வேறொருவரே என எண்ணினார். இந்நம்பிக்கையைச் சோதிக்க அவரே ஒரு வழி கண்டார். தமையனாரின் முகவரிக்கு மறைவாக ஒரு மடல் அனுப்பினார். உண்மையான தமையனாராக இருப்பின், அடுத்த முறை வரும்போது அம்மடலைக் கையில் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு 30இல் ஜார்ஜ் வந்தார். மடலை எடுத்துக் காட்டினார். அந்நொடியில் ஈராண்டு மாயை கலைந்தது.

ஆயினும் நோய் நீங்கவில்லை, மறுமுனைக்குச் சென்றது. வாய் திறவாதிருந்தவர் இப்போது ஓயாது பேசினார், உறக்கமின்றி எழுதினார். தாள் போதாமல், நீள நீளமான பொட்டலக் காகிதங்களிலும் மடல்கள் எழுதிக் குவித்தார். உலகையே சீர்திருத்தும் ஆற்றல் தனக்கு உண்டு என்று எண்ணினார். ஆழ்ந்த மனச்சோர்வும் அளவிறந்த மனவெழுச்சியும் மாறிமாறி வரும் இந்நிலையையே இன்று இருதுருவ மனநிலைக் கோளாறு என்கிறோம். ஒழுக்கக் குறைவோ மனவலிமையின்மையோ இதற்குக் காரணமன்று. இது ஒரு நோய். குடும்பவழியாக வரும் இயல்பும் இதற்கு உண்டு. பியர்ஸின் உடன்பிறந்தோரையும் மனநோய் விட்டுவைக்கவில்லை.

அன்றைய மருத்துவமனைகள் கிளர்ச்சியுற்ற நோயாளரை அடக்குதலையே மருத்துவம் எனக் கொண்டன. கைகளை உடலோடு சேர்த்துக் கட்டும் இறுக்குச் சட்டையில் பியர்ஸ் இரவுகளைக் கழித்தார். குளிர்காலத்தில் போதிய ஆடையின்றிச் சிற்றறையில் அடைக்கப்பட்டார். பணியாளரிடம் அடியும் பட்டார். அந்நிலையிலும் அவருக்கு ஒரு துணிவு பிறந்தது. கொடியவர் எனக் கருதப்பட்டோரை அடைத்துவைக்கும் பகுதியில் நடப்பவற்றை நேரில் அறிய விரும்பினார். வேண்டுமென்றே விதிகளை மீறி அங்கே அனுப்பப்படுமாறு செய்துகொண்டார். கண்டவற்றை மாநில ஆளுநருக்கு எழுதினார். அத்துணிவில் நோயின் எழுச்சி எவ்வளவு, நெஞ்சின் நேர்மை எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. ஆயினும், அவர் கண்ட கொடுமைகள் மாயையல்ல.

1903இல் விடுதலை பெற்றுப் பழைய தொழிலுக்குத் திரும்பினார். 1905இல் தன் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது மனவெழுச்சி மீண்டும் தலைகாட்டியது. இம்முறை எவரும் அவரை இழுத்துச் செல்லவில்லை. தாமாகவே மருத்துவமனைக்குச் சென்று, சில வாரங்கள் தங்கி, நலம்பெற்று மீண்டார். காய்ச்சல் கண்டவர் மருத்துவரை நாடுவது போன்ற இச்செயல் அக்காலத்தில் மிக அரியது.

நூலைப் புனைபெயரில் வெளியிட்டிருக்கலாம். மனநோய் கண்டவர் என்ற பெயர், தொழிலையும் திருமண வாழ்வையும் கெடுக்கப் போதுமானதாக இருந்த காலம் அது. பியர்ஸ் தன் பெயரிலேயே வெளியிட்டார். கையெழுத்துப் படியைப் படித்த உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் பாராட்டி எழுதிய மடல் அதன் முன்னுரையாக அமைந்தது. 1908இல் வெளிவந்த ‘தன்னைக் கண்டடைந்த மனம்’ என்னும் அந்நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது.

நூலோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டு மே திங்களில் கனெக்டிகட்டில் மனநலக் கழகம் ஒன்றை நிறுவினார்; 1909இல் அது தேசியக் குழுவாக விரிந்தது. இயக்கத்தின் பெயரைப் பரிந்துரைத்த மருத்துவ அறிஞர் அடால்ஃப் மேயர் பின்னர்க் கருத்து வேறுபாட்டால் விலகினார். பியர்ஸோ செல்வரின் வாயில்தோறும் சென்று பொருள் திரட்டினார். 1913இல் நியூ ஹேவனில் மனநலப் புறநோயாளர் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1930இல் வாஷிங்டனில் முதல் பன்னாட்டு மனநல மாநாடு கூடியது. காலப்போக்கில் இயக்கத்தின் நாட்டம் நோய்த்தடுப்பின்பால் திரும்பியதால், அடைபட்ட நோயாளரின் துயர் சற்றே பின்தள்ளப்பட்டது என்பதையும் கூற வேண்டும்.

1912இல் கிளாரா ஜெப்சனை மணந்த பியர்ஸ், நோய் தன் குடும்பவழியில் தொடரும் என அஞ்சி, மக்கட்பேற்றைத் தவிர்த்தார். 1939இல் மனச்சோர்வு மீண்டும் சூழ, பணியிலிருந்து விலகி ராடு தீவு மாநிலத்து மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கேயே 1943ஆம் ஆண்டு சூலை 9இல் மறைந்தார். இந்நோயின் ஏற்றஇறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியத்தின் பயனை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டது 1949இல். பியர்ஸ் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்.

அவர் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்த அமைப்பு, மனநோயாளரைப் பிணிக்கப் பயன்பட்ட சங்கிலிகளையும் விலங்குகளையும் அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து திரட்டியது. 1953இல் அவற்றைப் பால்டிமோர் நகரின் வார்ப்பாலையில் உருக்கி ஒரு மணியாக வார்த்தனர். அதன் எடை சுமார் 136 கிலோகிராம்.