ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்

எங்கள் சேவுகம்பட்டி வீடுகளில் வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக் கீரை போடுவார்கள். அப்போது எழும் மணத்தைக் கொண்டே நல்ல நெய் எது என்று பாட்டி சொல்லிவிடுவார். ஆனால் கடை நெய்யில் கொழுப்பைக் கலந்து விற்றால் மூக்கு மட்டும் போதுமா? இக்கேள்விக்கு விடை தேடிய மேதைதான் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்.

இவர் 1861 ஆகஸ்டு 2ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்று, 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அக்காலக் கல்கத்தாச் சந்தையில் நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் மலிந்திருந்தது. கலப்படத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், தூய பொருள் எப்படியிருக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? எனவே ராய் தம் கண்முன்னே பசுவைக் கறக்கச் செய்து வெண்ணெய் எடுத்தார். கடுகையும் தம் எதிரிலேயே ஆட்டச் செய்தார். அவ்வாராய்ச்சியின் முடிவுகளை 1894இல் வெளியிட்டார்.

நெய்யைச் சோதிக்கும் முறைகளுள் ஒன்று தரம் பார்த்தல். 5 கிராம் நெய்யைக் காரத்தில் சிதைத்து, அதிலிருந்து ஆவியாகும் அமிலங்களை வடித்தெடுத்துக் கூம்புக் குடுவையில் விடுவர். அதில் பினாப்தலீன் என்னும் நிறங்காட்டி சில துளிகள் சேர்ப்பர். பியூரெட்டில் செறிவு தெரிந்த காரம் இருக்கும். அதுவே திட்டக் கரைசல். காரம் சொட்டுச் சொட்டாக விழ, இளஞ்சிவப்பு நிறம் தோன்றி மறையாமல் நிற்கும் கட்டமே முடிவு நிலை. தூய நெய்க்கு டெசிநார்மல் காரம் சுமார் 28 மில்லி லிட்டர் செலவாகும். விலங்குக் கொழுப்பில் இவ்வமிலங்கள் மிகக் குறைவு. ஆகவே அதைக் கலந்த நெய்க்குக் காரமும் குறைவாகவே செலவாகும். பாட்டியின் மூக்கு அறிந்ததை இப்படி எண்ணால் காட்டலாம்!

பின்னர் ராய் மெர்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்து 1896இல் உலகப் புகழ் பெற்றார். வங்காள ரசாயனத் தொழிற்சாலையை நிறுவினார். பண்டைய இந்திய வேதியியலின் வரலாற்றை எழுதினார். 1922 வெள்ளத்தில் மாணவர்களைத் திரட்டி மக்களுக்குத் தொண்டாற்றினார். திருமணம் செய்துகொள்ளாமல், கல்லூரி அறையிலேயே எளிமையாக வாழ்ந்தார். அறுபது வயதுக்குப் பின் தம் சம்பளத்தையும் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். 1944 ஜூன் 16ஆம் நாள் மறைந்தார்.

ஆய்வகத்தில் எங்கள் அளவு சரியாக வராதபோது, பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிவிடலாமே என்ற ஆசை எங்களுக்கு வருவதுண்டு. அதுவும் கலப்படம்தானே? தூய நெய் வேண்டிப் பசுவின் அருகிலேயே நின்ற அப்பேராசிரியரை நினைத்தால் கை தானே நின்றுவிடுகிறது. நாங்கள் கண்ட அளவையே எழுதுவோம்; தவறினால் மீண்டும் செய்வோம்.